பேய் மீட்டரைக் கையால் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தப் பேய் மீட்டரைப் பற்றிக் கதைக்கிறீர்கள்?

1984இல் வந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தில் ஹெரல்ட் ராமிஸ் நடித்த ஈகன் ஸ்பெங்ளர் கையில் பிடித்துக்கொண்டு திரிவாரே, அந்த பீ.கே.ஈ மீட்டர் (பேயின் 'சைக்கோகைனெட்டிக் எனர்ஜி'யை அளப்பதாகப் படத்தில் வரும் கருவி). கறுப்புக் கைப்பிடி, இரண்டு பக்கமும் மடிந்திருக்கும் கைகள். பேய் கிட்ட இருந்தால் கைகள் எழும்பி விரியும், மஞ்சள் விளக்குகள் ஓடும். அதைக் கொழும்பில் கிடைக்கிற சாமான்களை வைத்து வீட்டு மேசையில் எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே விஷயம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: கைகள் உண்மையிலேயே எதையாவது உணர்ந்துதான் விரிய வேண்டும். பொத்தானை அமத்தினால் விரிகிற சாமானை விளையாட்டுக் கடையிலேயே வாங்கலாம்.

படத்துக்காக அதை எதை வைத்துச் செய்தார்கள்?

சப்பாத்துக்குப் பொலிஷ் போடும் கருவியை வைத்து. அயோனா எஸ்பி-1 என்கிற, கையில் பிடித்துப் பாவிக்கும் மின்சாரப் பொலிஷர் அது. அதற்குக் கைகளையும் விளக்குகளையும் பூட்டிவிட்டார்கள். 1988இல் ஜோன் கார்பென்டர் எடுத்த 'தே லிவ்' படத்திலும் இதே கருவி தலைகாட்டும். கவனமாகப் பார்ப்பவர்கள் பிடித்துவிடுவார்கள்.

இது தெரிந்ததும் மனதில் இருக்கிற பயம் பாதி போய்விடும். மில்லிமீட்டர் பிசகாமல் செய்ய வேண்டும் என்று சிலர் தலையை உடைக்கிறார்கள். படத்துக்குச் செய்தவர்களே வீட்டுச் சாமான் ஒன்றை எடுத்துத்தான் ஒட்டுப்போட்டார்கள். பழைய பொலிஷரைத் தேடி வெளிநாட்டு ஏலத்தில் காசைக் கொட்டுவது வீண். பழுதான ஹேண்ட் மிக்ஸரோ ஹெயார் டிரையரோ வீட்டில் கிடந்தால் அதன் கைப்பிடியே போதும். ஆனால் உள்ளே இருக்கும் மோட்டரையும் 230 வோல்ட் வயரையும் முழுதாகக் கழற்றி எறிந்த பிறகுதான் மற்ற வேலை.

வேலை செய்யும் என்கிறீர்களே, பேயைக் காட்டுமா?

காட்டாது. வயரைக் காட்டும்.

இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் கரண்ட். சுவருக்குள் ஓடும் ஒவ்வொரு லைவ் வயரைச் சுற்றியும் ஒரு மின்புலம் செக்கனுக்கு 50 தடவை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பேன் ஓடாவிட்டாலும், வயரில் வோல்ட் இருக்கும் வரை புலமும் இருக்கும். நாம் செய்யும் மீட்டர் இந்தப் புலத்தைத்தான் மோப்பம் பிடிக்கிறது. பேய் தேடும் டிவி நிகழ்ச்சிகளில் காட்டும் மீட்டர்களும் பெரும்பாலும் இந்த மாதிரி வீட்டு வயரின் புலத்துக்குத்தான் துடிக்கின்றன. அதை அவர்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் விக் டேன்டி என்கிற பொறியியலாளர், தான் வேலை செய்த ஆய்வுகூடத்தில் கடைக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்றைப் பார்த்து வேர்த்துப் போனார். பிறகு பார்த்தால், இடுக்கியில் பூட்டி வைத்த வாள் ஒன்று தானாக அதிர்கிறது. தேடிப் போனதில் காரணம் புதிதாகப் பூட்டிய எக்ஸோஸ்ட் பேன். காதுக்குக் கேட்காத, ஏறத்தாழ 19 ஹேர்ட்ஸ் ஒலியை அது எழுப்பிக்கொண்டிருந்தது. பேனை நிறுத்தினதும் அந்தக் கலக்கமும் போயிற்று. 1998இல் இதைக் கட்டுரையாக எழுதினார். அவருடைய பேய் ஒலியில் இருந்தது, நம்முடையது மின்புலத்தில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் பேனில்தான் தேடல் முடிகிறது.

சாமான்களை எங்கே வாங்குவது?

மின்னணுச் சாமான்களுக்குப் புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெருவும் அதைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளும். அங்கே கிடைக்காவிட்டால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. பொடி பிலர் (வாகன உடலின் பள்ளங்களை நிரப்பும் பசை), பிரைமர், ஸ்ப்ரே பெயின்ட் எல்லாம் பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் விற்கிறவர்களிடம். ஞாயிறும் போயாவும் புறக்கோட்டைக்குப் போய்ப் பூட்டிய கதவைப் பார்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்திலும் பாதிக் கடை சாத்தியிருக்கும்.

எதற்கு வாங்குகிறீர்கள் என்பதைக் கடைக்காரரிடம் மறைக்காதீர்கள். சொன்னால் அவர்களே வழி காட்டுவார்கள்.

"நானா, எஸ்ஜி90 மோட்டர் இருக்கா?"

"இருக்கு தம்பி. எதுக்கு, ரோபோவுக்கா?"

"பேய் பிடிக்கிற மெசினுக்கு."

"அப்ப ரெண்டா எடுங்க. ஒண்டு எப்பிடியும் பழுதாகும்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எஸ்ஜி90 என்பது சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன சேர்வோ மோட்டர். அதன் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பற்சக்கரம். கையால் பிடித்துத் திருகினால் பல் போய்விடும்.

அங்கே வாங்க வேண்டியவை: ஆர்டுயினோ நானோ ஒன்று (புரோகிராம் போடக்கூடிய சின்னக் கணினிப் பலகை; அசல் தேவையில்லை, நகல் போதும்), எஸ்ஜி90 சேர்வோ மோட்டர், 5 மில்லிமீட்டர் மஞ்சள் எல்ஈடி 14, அதே அளவு 330 ஓம் ரெசிஸ்டர், 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டு மூன்று, 10 கிலோ ஓம் ஒன்று, 470 மைக்ரோபெராட் கபாசிட்டர், பசர், நான்கு ஏஏ பற்றரி பிடிக்கும் பெட்டி, சுவிட்ச், செப்பு டேப் கொஞ்சம்.

3டி பிரிண்ட் செய்தால் லேசு அல்லவா?

லேசுதான். யாரோ வரைந்த கோப்பை இறக்கி, கடையில் கொடுத்து, பின்னேரம் போய் எடுத்து வரலாம். அப்படிச் செய்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அச்சில் வந்த உடலுக்கும் கோடு மறைய பிலர் போட்டு, சாண்ட் பேப்பர் தேய்த்து, பிரைமர் அடிக்கத்தான் வேண்டும். மிச்சமாவது வெட்டுகிற நேரம் மட்டும். வெட்டுகிறபோதுதான் மோட்டர் எங்கே உட்காரும், வயர் எந்தப் பக்கத்தால் போகும் என்று கைக்குப் பிடிபடும்.

உடலை எதால் செய்வது?

பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் பீவிசி போம் ஷீட் துண்டுகள் மிஞ்சும். 5 மில்லிமீட்டர் ஷீட் கேளுங்கள். பிளேட்டாலேயே வெட்டலாம், ஈரத்துக்கு ஊதாது. எம்டிஎப் பலகை கொழும்புக் காற்றில் ஓரம் ஓரமாக வீங்கும், அதை விட்டுவிடுங்கள். ரிஜிபோம் வேண்டவே வேண்டாம். சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் பட்டதும் கரைந்து குழி குழியாகிவிடும்.

அளவுக்குப் படத்தின் நிழற்படம் ஒன்றைப் பார்த்து, நடிகரின் உள்ளங்கை அகலத்தோடு கைப்பிடியின் நீளத்தை ஒப்பிடுங்கள். அதே விகிதத்தை உங்கள் உள்ளங்கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிரதிக்கு அது போதும், கைக்கும் வாகாக இருக்கும். பக்கவாட்டு வடிவத்தைக் கடதாசி மட்டையில் வரைந்து வெட்டி, அதை அச்சாக வைத்து ஷீட்டில் ஐந்தாறு துண்டு எடுங்கள். நடுத் துண்டுகளின் வயிற்றைக் குடைந்துவிட்டு அடுக்கி ஒட்டினால் உள்ளே குழியோடு ஒரு கட்டி கிடைக்கும். ஒரு பக்க மூடியை மட்டும் ஒட்டாமல் ஸ்க்ரூ போட்டுப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு வயர் விட்டுப்போனதற்கு முழு உடலையும் பிளக்க வேண்டி வரும்.

விளிம்புகளை உருட்டத் தேய்த்து, மேலே பொடி பிலர். ஹார்ட்னர் நிறை அளவில் ஏறக்குறைய 2 சதவீதம் போதும். நம்முடைய வெயிலில் அது கெதியாக இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். மணம் தலையைப் பிளக்கும். பல்கனியில் வைத்துச் செய்யுங்கள், தேய்க்கும்போது மூக்குக்கு முகக்கவசம் போடுங்கள். 120ஆம் இலக்க சாண்ட் பேப்பரில் தொடங்கி 240, பிறகு 400ஐத் தண்ணீர் தொட்டு. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள்: கண்ணுக்குத் தப்பும் மேடு பள்ளம் விரலுக்குத் தப்பாது.

பெயின்ட் காய்ந்ததும் வெள்ளை பூக்கிறதே?

ஈரம். 85 சதவீத ஈரப்பதனுக்குக் கீழேதான் அடிக்க வேண்டும் என்று பல டின்களில் எழுதியிருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும் ஊரில் அதற்கு நாள் பார்க்க வேண்டும். மழையில்லாத நாளில் காலை பத்து மணிக்குப் பிறகு, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தரம் அடியுங்கள். பூத்துவிட்டால் காயவிட்டு லேசாகத் தேய்த்து மறுபடி அடிக்கலாம்.

ஒரு மோட்டரால் இரண்டு கையையும் எப்படி விரிப்பது?

சேர்வோவோடு வரும் வெள்ளை நிறக் கொம்புகளில் இரண்டு பக்கமும் நீண்டது ஒன்று இருக்கும். அதன் நடு மோட்டரில். மோட்டர் திரும்பும்போது ஒரு முனை முன்னுக்குப் போக, மறுமுனை பின்னுக்கு வரும். ஒவ்வொரு முனையிலும் ஒரு கம்பி பூட்டி, மறுபக்கத்தைக் கைகளின் அடியில் கொளுவுங்கள். ஒரு கையில் கம்பி கீலுக்கு உள்பக்கமும், மற்றதில் வெளிப்பக்கமும் வர வேண்டும். அப்போதுதான் இரண்டு கையும் கண்ணாடியில் பார்த்ததுபோல் எதிரெதிராக விரியும். இரண்டையும் ஒரே பக்கத்தில் கொளுவினால் ஒன்று எழும்ப மற்றது படுக்கும்.

கம்பிக்கு உடைந்த குடையின் கம்பியைப் போல உகந்தது வேறில்லை. காலி வீதியில் ஒரு பெருமழை விட்டதும் குப்பைத் தொட்டிகளில் வேண்டிய அளவு கிடக்கும். கைகளை 3 மில்லிமீட்டர் ஷீட்டில் செய்யுங்கள். பாரம் குறைந்தால் மோட்டர் திணறாது.

அசைகிற கீலுக்குள்ளால் எல்ஈடி வயர் போக வேண்டும். இங்கே லேன் கேபிள் வயரைப் போடாதீர்கள், சுவருக்குள் இழுக்கிற ரகத்தில் உள்ளே ஒற்றைக் கம்பி. கொஞ்ச நாளில் முறிந்துவிடும். பழைய கம்பியூட்டர் மவுஸ் வயரை உரித்தால் மெல்லிய பல இழை வயர்கள் வரும், அவை வளைந்து கொடுக்கும். கீலைச் சுற்றி ஒரு வளையம் தளர்வாக விட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும்.

விளக்குகளுக்கு நானோவின் எத்தனை கால் (வயர் கொடுக்கும் பின்) தேவை?

ஏழு. இடது கையின் முதல் விளக்கும் வலது கையின் முதல் விளக்கும் எப்போதும் சேர்ந்தே எரிகின்றன. எனவே இரண்டையும், ஒவ்வொன்றுக்கும் தனித் தனி 330 ஓம் போட்டு, ஒரே காலில் கொடுக்கலாம். ஒரு எல்ஈடிக்கு 9 மில்லி அம்பியர் அளவில் போகும், இரண்டுக்கும் 18. நானோவின் கால் தாங்கும்.

உணர்வது எப்படி? சென்சர் எது?

சென்சர் என்று விலை கொடுத்து வாங்க ஒன்றுமில்லை. ஒரு சாண் நீளமான ஒற்றை வயர்தான் அன்டெனா. அதைக் கைப்பிடியின் முன்பக்க உள்சுவரோடு ஒட்டி, 10 கிலோ ஓம் ஊடாக நானோவின் ஏ0 காலில் கொடுங்கள். ஏ0இலிருந்து கிரவுண்டுக்கு (பற்றரியின் மைனஸ் பக்கத்துக்கு) 1 மெகா ஓம். உணர்வு போதாவிட்டால் இரண்டு மூன்றைத் தொடராகப் போட்டு 2, 3 மெகாவாக்குங்கள். அதிகம் துள்ளினால் குறையுங்கள்.

புரோகிராம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். 50 ஹேர்ட்ஸில் ஒரு முழு அலைக்கு 20 மில்லி செக்கன். அந்த 20 மில்லி செக்கனும் ஏ0ஐ விடாமல் வாசித்து, வந்ததில் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழியுங்கள். வாசிப்பு 0 முதல் 1023 வரை வரும். கழித்து வரும் விடைதான் பேயின் பலம். சுவிட்ச் போட்டதும் முதல் இரண்டு செக்கனுக்கு அந்த அறையின் சாதாரண அளவை எடுத்து வைத்து, அதற்கு மேலே எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளவத்தை மாடிவீட்டுக்கும் அவிசாவளைப் பக்கத்துத் தோட்ட வீட்டுக்கும் ஒரே எல்லை சரிவராது. கை விரிவதற்கு ஓர் எல்லையும், மடங்குவதற்கு அதைவிடக் குறைந்த ஓர் எல்லையும் வையுங்கள். ஒரே எல்லை வைத்தால் அந்த இடத்தில் நின்று கைகள் சன்னி வந்ததுபோல் நடுங்கும்.

கை ஒருதரம் விரிந்தால் பிறகு மடங்குவதே இல்லை. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. காரணம் அழகானது. சேர்வோ மோட்டருக்கு நானோ அனுப்பும் கட்டளைத் துடிப்பும் 20 மில்லி செக்கனுக்கு ஒன்று, அதாவது செக்கனுக்கு 50. வீட்டுக் கரண்டும் 50. மோட்டர் வயருக்குப் பக்கத்திலேயே அன்டெனா கிடந்தால், அது மோட்டரின் துடிப்பையே பேய் என்று எடுத்துக்கொள்ளும். கை விரிகிறது, விரிவதையே பேய் என்று கண்டு இன்னும் விரிந்தே நிற்கிறது.

மருந்து: மோட்டரும் அன்டெனாவும் ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடாது. கை போய்ச் சேர்ந்ததும் 'டிடாச்' கட்டளையால் மோட்டரை விட்டுவிடுங்கள். பாரமில்லாத கை, பற்சக்கரத்தின் இறுக்கத்திலேயே விரிந்தபடி நிற்கும். அமைதியான பிறகு வாசியுங்கள். மோட்டர் வயர்களை முறுக்கிப் பின்பக்கத்தால் கொண்டு போவதும் உதவும்.

மேசையில் வைத்தால் ஒன்று காட்டுகிறது, கையில் எடுத்தால் வேறு காட்டுகிறது.

பற்றரியில் ஓடும் சாமானுக்கு நிலம் என்று ஒன்றில்லை. கையில் பிடித்தால் உங்கள் உடம்பும் கணக்கில் சேரும். கைப்பிடியில் விரல் படும் இடத்தில் செப்பு டேப் ஒட்டி அதைக் கிரவுண்டோடு இணையுங்கள். பிடிக்கிற ஒவ்வொரு தரமும் உடம்போடு ஒரே மாதிரித் தொடர்பு கிடைக்கும், வாசிப்பும் ஓரளவு நிலையாகும். டேப்புக்கு மேல் கறுப்பு அடித்துவிட்டால் இந்த வேலை வீண். அந்த இடத்தை மறைத்து வைத்துக்கொண்டு அடியுங்கள்.

9 வோல்ட் பற்றரி போட்டால் நானோ அடிக்கடி அணைந்து வருகிறது.

அந்தச் சதுரப் பற்றரி ஸ்மோக் அலாரத்துக்கு ஆனது, மோட்டருக்கு அல்ல. சேர்வோ கிளம்பும் கணத்தில் இழுக்கும் கரண்டில் வோல்ட் விழுந்து நானோ மறுபடி தொடங்கும். நான்கு ஏஏ போடுங்கள். அல்கலைன் என்றால் 6 வோல்ட் வரும், அது நானோவின் 5 வோல்ட் காலுக்கு அதிகம். 1என்4007 டையோட் ஒன்றைத் தொடராகப் போட்டால் 0.7 வோல்ட் அளவு குறையும். சார்ஜ் செய்யும் நிக்கல் பற்றரி என்றால் நான்கும் சேர்ந்து 4.8, டையோட் வேண்டாம். மோட்டரின் கரண்ட் வயர்களுக்குக் குறுக்கே 470 மைக்ரோபெராட்.

பழைய லாப்டொப்பிலிருந்து பிரித்தெடுத்த லித்தியம் செல்லை உள்ளே திணித்து மூடி ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் அதை வைத்துப் போகிறவர்களும் அவர்களே. வேண்டாம்.

சத்தம்?

பசர் ஒன்றை 'டோன்' கட்டளையால் பாடவைக்கலாம். பலம் கூடக் கூடச் சுருதியையும் ஏற்றுங்கள். டோன் ஓடும்போது 3ஆம் 11ஆம் கால்களிலும், சேர்வோ நூலகம் இருக்கும்போது 9ஆம் 10ஆம் கால்களிலும் விளக்கை மங்கலாக்கும் வித்தை வேலை செய்யாது. வெறுமனே எரிந்து அணைவதற்குத் தடையில்லை.

செய்து முடித்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆன்டி 'எங்கட வீட்டையும் ஒருக்கா பார்த்துச் சொல்லு மகன்' என்கிறார். என்ன செய்ய?

போய்ப் பாருங்கள், ஆனால் பேய் என்று சொல்லாதீர்கள். அந்த வேலைக்கு ஊரில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மீட்டரோடு ஒரு பழைய கொழும்பு வீட்டைச் சுற்றினால் பேன் ரெகுலேட்டர், மீட்டர் பெட்டி, பிரிட்ஜின் பின்பக்கம், கட்டில் தலைமாட்டில் சுவருக்குள் போகும் வயர் என்று வரிசையாகக் கைகள் விரியும். அதில் இரண்டு இடங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, 13 அம்பியர் துளையில் மேல் ஓட்டைக்குள் பேனா மூடியைச் செருகித் திறந்து, இரண்டு கால் பிளக்கைத் தள்ளியிருக்கும் லாப்டொப் சார்ஜர். ஏர்த் இல்லாததால் லாப்டொப்பின் உலோக உடலில் மெல்லிய கரண்ட் நிற்கும். முழங்கை பட்டால் சுர்ரென்று ஒரு கூச்சம் வருமே, அதுதான். மீட்டர் அங்கே துள்ளும். மற்றது, சுவிட்சை அணைத்த பிறகும் பேனுக்குப் பக்கத்தில் கை விரிந்தே இருந்தால், சுவிட்ச் லைவில் இல்லாமல் நியூட்ரலில் பூட்டப்பட்டிருக்கலாம். பக்கத்தில் ஓடும் வேறு வயராலும் அப்படி வரலாம். ஆனபடியால் முடிவு சொல்வது மின்சார வேலை தெரிந்தவரின் பொறுப்பு. ஆன்டியிடம் "ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து வாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இது டெஸ்டர் அல்ல. கை மடங்கியிருக்கிறது என்பதை நம்பி எந்த வயரையும் தொடாதீர்கள்.

பிள்ளைகளின் பார்ட்டிக்கு நம்பகமான பேய் வேண்டும். வயர் சொன்னபடி கேட்காது.

அதற்குக் காந்தத்தை உணரும் 49ஈ என்கிற ஹோல் சென்சரை மீட்டரின் மூக்கில் வைத்து ஏ1இல் கொடுங்கள். தீப்பெட்டிக்குள்ளோ பொம்மையின் வயிற்றிலோ நியோடிமியம் காந்தம் ஒன்றை ஒளித்தால், ஓரிரு அங்குலத்துக்குள் வரும்போது மீட்டர் விரியும். பிள்ளைகள் தேடித் திரிவார்கள். காந்தத்தைத் தனியே விடாதீர்கள். சின்னவர்கள் விழுங்கினால், அதுவும் இரண்டை விழுங்கினால், குடலுக்கே ஆபத்து. ஒட்டி மூடிய பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

பஸ்ஸில் கொண்டு போகலாமா?

பெட்டியில் போட்டு, பற்றரியைக் கழற்றி. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்த ஊரில் வயரும் விளக்கும் தெரிகிற பெட்டி விளையாட்டுச் சாமான் அல்ல. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கமோ ஹோட்டல் வாசலிலோ அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் மற்றவர்கள் பயப்படுவது நியாயம். லங்கா காமிக் கொன் போன்ற நிகழ்வுக்கு வேடம் போட்டுப் போவதென்றால் உள்ளே போன பிறகு பற்றரி போடுங்கள். வாசலில் கேட்டால் மூடியைத் திறந்து காட்டுங்கள். ஸ்க்ரூ மூடி வைக்கச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

கடற்கரைப் பக்கத்து வீட்டில் எவ்வளவு காலம் தாங்கும்?

வெள்ளவத்தை, தெஹிவளையில் றெயில் பாதைக்கு அருகே இருப்பவர்களுக்கு உப்புக் காற்றுத்தான் முதல் எதிரி. பற்றரிப் பெட்டியின் சுருள்களில் பச்சை பிடிக்கும். பாவிக்காதபோது பற்றரியை வெளியே எடுங்கள், சுருள்களில் மிக மெல்லியதாக வாஸ்லின் தடவுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பையை எறியாமல் சேர்த்து மீட்டரோடு போட்டு மூடி வையுங்கள். செப்பு டேப் கறுத்தால் அழிறப்பரால் தேய்த்தால் போதும்.

செய்து விற்கலாமா?

உங்களுக்காகச் செய்து வைத்துக்கொள்வது வேறு. படத்தின் பெயரும் அந்தத் தடை போட்ட பேய்ச் சின்னமும் உரிமையுள்ளவர்களின் சொத்து. அவற்றை ஒட்டி விற்கப் போவது வம்பை விலைக்கு வாங்குவது. நண்பருக்கு ஒன்று செய்து கொடுக்க ஆசையென்றால், சாமான் காசை வாங்கிக்கொண்டு அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துத் தேய்க்க விடுங்கள். தேய்க்கிற வேலைதான் அதிகம்.